குடும்பத்தோடு கடலோரம் தூண்டில் போடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறை நெருங்கினால் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். தனியாகத் தூண்டில் போடுகிறவருக்கு இதில் பாதி தேவைப்படாது. இது கைக்குழந்தை, பத்து வயதுப் பையன், முழங்கால் வலிக்கும் அப்பா, மீன் வாடையே ஆகாத ஒருவர் என எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு.

சுற்றுலாவில் எந்த நாளை இதற்கு ஒதுக்குவது?

முதல் நாளும் வேண்டாம், கடைசி நாளும் வேண்டாம். முதல் நாள் யாருக்கும் தூக்கம் போதாது. தூக்கமில்லாத உடம்பில்தான் படகுக் குமட்டல் முதலில் ஏறும். கடைசி நாளில் வைத்தால் வேறு ஆபத்து இருக்கிறது. காற்று மோசமாக இருந்தாலும் "இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லையே" என்று கிளம்பிவிடுவோம். நடுவில் ஒரு நாளைப் பிடித்து, அதற்கு அடுத்த நாளையும் காலியாக விட்டு வையுங்கள். அந்தக் காலி நாள் இருந்தால்தான் காலையில் கடலைப் பார்த்துவிட்டு "இன்று வேண்டாம்" என்று சொல்ல மனம் வரும்.

நாங்கள் முதல்முறை போனபோது, இரவு முழுக்கப் பயணம் செய்துவிட்டு மறுநாள் விடியற்காலையிலேயே படகு ஏறினோம். ஆறு பேரில் நான்கு பேருக்கு வாந்தி. மீதி இருவரில் ஒருவர் வாளி பிடித்தார், இன்னொருவர் திரும்பலாம் என்று படகுக்காரரிடம் கெஞ்சினார். அன்றைக்கு ஒரு முள்கூடத் தண்ணீரில் இறங்கவில்லை.

கரையிலிருந்து போடுவதா, பாலத்திலிருந்தா, படகிலா?

யாருக்கும் முன்பழக்கம் இல்லையென்றால், கடலுக்குள் நீளும் நடைபாலமோ படகுத்துறையோதான் என் தேர்வு. காரணம் எளிது. மணற்கரையில் ஆழம் மெல்லத்தான் கூடும். மீன் இருக்கும் இடத்துக்கு முள்ளை எட்டவைக்கத் தொலைவாக வீசத் தெரிய வேண்டும். நடைபாலத்தில் காலடியிலேயே ஆழம். முள்ளை நேராகக் கீழே இறக்கினால் போதும், ஐந்து வயதுக் குழந்தைகூடச் செய்துவிடும். பாலத்தின் தூண்களில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும், அதைத் தின்னச் சிறு மீன் வரும், சிறு மீனைத் தின்னப் பெரிய மீன் வரும். அதனால் தூரமாக வீசுகிறவரைவிடத் தூணை ஒட்டி இறக்குகிறவருக்கே அதிகம் கிடைப்பதுண்டு. கைப்பிடிச் சுவர் இருக்கும். சலித்தவர் எழுந்து நடந்து போய்விடலாம். இந்தக் கடைசி வசதியைக் குறைத்து எடைபோடாதீர்கள். படகில் சலித்தவருக்குப் போக இடமில்லை.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரமும் நல்ல இடம்தான். அலை குறைவு, மீன் வகை அதிகம். ஆனால் கடல் வற்றும் நேரத்தில் அங்கே தண்ணீர் வெளியே இழுக்கும் வேகம் பெரியவரையே தள்ளிவிடும். கரையில் நின்று போடுங்கள், குழந்தைகளை முழங்கால் ஆழத்துக்கு மேல் விடாதீர்கள்.

பாறைமேல் நின்று போடுவதைக் குடும்பத்தோடு போகும்போது முழுதாக மறந்துவிடுங்கள். இதில் நான் வளைந்து கொடுப்பதில்லை. பாறை உலர்ந்திருக்கிறதே என்று பலர் ஏறுகிறார்கள். உலர்ந்த பாறை கடந்த சில நிமிடங்களைப் பற்றித்தான் சொல்லும், அடுத்த அலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பாறையிலிருந்து மீன் பிடித்தவர்கள் தொடர்ந்து அலையில் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததால், குறிப்பிட்ட பகுதிகளில் மிதவைச் சட்டை போடாமல் பாறையில் நின்று தூண்டில் போடுவதைச் சட்டப்படி தடை செய்யும் அளவுக்குப் போயிற்று.

படகு? அது இரண்டாம் தடவைக்கு. அல்லது கரையில் இரண்டு மணி நேரம் போட்ட பிறகும் "இன்னும் வேண்டும்" என்கிறவர்களுக்கு மட்டும்.

எவ்வளவு நேரம் திட்டமிடலாம்?

கரையிலோ பாலத்திலோ இரண்டு மணி நேரம். படகில் அரை நாள் என்றால் பொதுவாக நான்கு மணி நேரம், அதில் போகவர ஆகும் நேரமும் சேர்த்தி. முழுநாள் பயணம் குழந்தைகளுக்கு ஆகாது. கூட்டத்தில் யார் மிகச் சீக்கிரம் களைப்பாரோ அவரை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், மிக ஆர்வமாக இருப்பவரை வைத்தல்ல. அந்த ஆர்வக்காரர் பெரும்பாலும் அப்பாவாகத்தான் இருப்பார். அவருக்கு இன்னொரு விடியற்காலை தனியாகப் போக அனுமதி கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

திரும்பும் நேரத்தைக் கிளம்பும்முன்பே பேசி முடித்துவிடுங்கள். மீன் கடிக்கத் தொடங்கிய பிறகு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

படகு அமர்த்தும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

"மீன் கிடைக்குமா?" என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும். அந்தக் கேள்விக்கு எல்லாப் படகுக்காரரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

குழந்தைகளின் எடையையும் வயதையும் சொல்லி, அவர்களுக்கான அளவில் மிதவைச் சட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். "இருக்கிறது" என்றால், முதல் நாளே போய் மாட்டிப் பாருங்கள். படகில் எத்தனை பேர் ஏற அனுமதி, இயக்குபவருக்கு உரிமம் உண்டா, கைப்பேசி எட்டாத தூரத்தில் பேச வானொலிக் கருவி உண்டா என்பது அடுத்தது. கடலில் அபாய அழைப்புக்கென உலகம் முழுக்க ஒதுக்கப்பட்டிருப்பது விஎச்எஃப் 16ஆம் அலைவரிசை. அதைப் பற்றிக் கேட்டாலே நீங்கள் விவரம் தெரிந்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும். நிழல் உண்டா, கழிப்பறை உண்டா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். கழிப்பறை இல்லாத படகில் போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிக்காமல் ஏறி, வெயிலில் மயங்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

வானிலை கெட்டால் முன்பணம் திரும்ப வருமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவாரா? ரத்து செய்யும் முடிவை யார் எடுப்பது, அவரா நீங்களா? "நீங்கள் பயந்தால் பணம் போச்சு" என்கிறவரிடம் குடும்பத்தை ஏற்ற வேண்டாம்.

பிடிக்கும் மீன் யாருக்குச் சொந்தம் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் வழக்கம் வேறாக இருக்கும், கரையில் வந்து தகராறு வேண்டாம்.

எந்த நேரத்தில் மீன் நன்றாகக் கடிக்கும்?

விடியற்காலையும் அந்தி நேரமும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். மங்கலான வெளிச்சத்தில் இரைமீன்கள் கரைப்பக்கம் வரும், அவற்றை வேட்டையாடும் மீன்களும் கூடவே வரும். ஆனால் கடலில் சூரியனைவிடப் பெரிய கடிகாரம் ஒன்று இருக்கிறது. அது ஏற்றவற்றம்.

பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 6 மணிக்கு உச்சத்தைத் தொட்ட ஏற்றம் நாளை ஏறக்குறைய 6.50க்குத் தொடும். நேற்று அதே நேரத்தில் அள்ளிக் கொடுத்த இடம் இன்று கைவிரிப்பது பல நேரம் இதனால்தான்.

தண்ணீர் நகரும்போது இரை நகரும், இரை நகரும்போது மீன் சுறுசுறுப்பாகும். தண்ணீர் முழுதாக ஏறி நிற்கும்போதும் முழுதாக வற்றி நிற்கும்போதும் ஒரு மந்தம் வரும். தண்ணீர் முழுதாக ஏற ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். அந்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, பிறகு 2, பிறகு 1 என்று ஏறும் என்பது மாலுமிகளின் கைக்கணக்கு. நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் வந்துவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றத்தின் வித்தியாசம் அதிகம், நீரோட்டமும் வேகம். வளர்பிறை, தேய்பிறை அரைநிலா நாட்களில் இரண்டும் குறைவு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அரைநிலா நாட்களே வசதி. முள்ளைக் கீழே இறக்கக் கட்டும் ஈயக் குண்டை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகாது, நரம்பு (தூண்டில் கயிறு) பக்கத்தில் இருப்பவருடையதோடு சிக்காது.

எல்லாக் கடலும் ஒரே மாதிரி இல்லை. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஏற்றவற்றம் கண்ணுக்கே தெரியாத அளவு, கனடாவின் ஃபண்டி வளைகுடாவிலோ சில இடங்களில் 16 மீட்டர் வரை. நீங்கள் போகும் துறைமுகத்தின் ஏற்றவற்ற அட்டவணையை இணையத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மணல் திட்டில் நடந்து போய்ப் போடும் இடமென்றால் இதில் உயிரே அடங்கியிருக்கிறது. போகும்போது கணுக்கால் அளவு இருந்த வாய்க்கால் திரும்பும்போது கழுத்தளவு இருக்கும்.

செயலியில் "அலை உயரம் 1 மீட்டர்" என்று போட்டிருக்கிறது. போகலாமா?

அந்த 1 மீட்டர் என்பது அன்றைக்கு வரும் எல்லா அலைகளிலும் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. எப்போதாவது அதைப் போல இரண்டு மடங்கு அலையும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். சிறு படகில் குழந்தைகளோடு போக எனக்கு 1 மீட்டரே அதிகம்.

உயரத்துக்குப் பக்கத்திலேயே விநாடியில் ஓர் எண் போட்டிருப்பார்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம் அது. 4, 5 விநாடி என்றால் நெருக்கமான அலைகள், படகு குலுங்கிக்கொண்டே இருக்கும். 12 விநாடிக்கு மேல் என்றால் எங்கோ தொலைவில் வீசிய புயலில் பிறந்து வரும் நீண்ட அலை. நடுக்கடலில் தொட்டில் மாதிரி மெதுவாக ஆட்டும், ஆனால் கரையிலும் பாறையிலும் பெரும் பலத்தோடு மோதும். வானம் தெளிந்து, காற்றே இல்லாத நாளில்கூட இது வரும். ஆளை ஏமாற்றுவது இதுதான்.

காற்றின் வேகம் 10 "நாட்" (knot, கடலில் வேகத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கீழே, அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் குடும்பத்துக்கு ஏற்ற நாள். கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் எல்லையில் இருக்கிறீர்கள். பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை என்றால் வேறு வேலை பார்க்கலாம். பல கரைகளில் மதியத்துக்கு மேல் நிலம் சூடேறிக் கடற்காற்று வலுக்கும். காலைப் பயணத்தைத் தேர்ந்தெடுக்க இதுவே முதல் காரணம், மீனெல்லாம் பிறகுதான்.

இடி இடித்தால்?

கம்பைக் கீழே வைத்துவிட்டு உடனே போங்கள். தூண்டில் கம்புகள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை, மின்சாரத்தைக் கடத்தும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி என்றால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, அதுவே ஆபத்து எல்லை. கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்ப வர வேண்டும். கம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடத்தில் கம்பைத் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

படகில் ஏறினாலே வாந்தி வருகிறது. என்ன செய்யலாம்?

கண் ஒன்று சொல்கிறது, உள்காது வேறொன்று சொல்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாததால் வரும் குழப்பம் அது. இரண்டு வயதுக்குக் கீழே அபூர்வம். பள்ளி வயதுக் குழந்தைகளுக்குத்தான் அதிகம்.

குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை பெரும்பாலும் வீண். கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும். டைமென்ஹைட்ரினேட், மெக்ளிசின் போன்றவை தூக்கம் வரவழைக்கும். குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், வேறு மருந்து எடுப்பவர்களுக்கும் எது, எவ்வளவு என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையைக் குழந்தைகளுக்கு ஒட்டவே கூடாது.

மருந்தைவிட இடம் முக்கியம். படகின் நடுவிலிருந்து பின்பக்கம்வரை ஆட்டம் குறைவு, முன்முனையில்தான் அதிகம். ஆனால் இன்ஜின் புகை வரும் மூலையில் உட்காராதீர்கள். தொடுவானத்தைப் பாருங்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள். நங்கூரம் போட்டு நிற்கும்போதுதான் பலருக்குத் தாங்காது, ஓடும்போது தெரியாது. அதனால் "வந்து சேர்ந்துவிட்டோம், இனி சரியாகிவிடும்" என்று நம்ப வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பண்டமும் ஆகாது. கொஞ்சம் உலர்ந்த உணவு, அடிக்கடி இரண்டு மிடறு தண்ணீர்.

முதுகுவலி, எலும்புத் தேய்மானம் உள்ள பெரியவர்களையும் பின்பக்கமே உட்காரவையுங்கள். வேகப்படகு அலையில் எகிறி விழும்போது முன்னால் உட்கார்ந்தவருக்குத்தான் முதுகெலும்பில் அடி விழும்.

எந்த வயதிலிருந்து கூட்டிப் போகலாம்? நீச்சல் தெரியாவிட்டால்?

கரைக்கு எந்த வயதும் சரி, ஒரு பெரியவர் கையில் கம்பு பிடிக்காமல் குழந்தையை மட்டும் பார்த்துக்கொள்வார் என்றால். இந்த "மட்டும்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். தூண்டில் கையில் இருக்கும் ஆளின் கண் தண்ணீரில்தான் இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளலாம்.

படகில் நீச்சல் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒன்றே, எல்லோருக்கும் மிதவைச் சட்டை. குழந்தைக்கு மாட்டிய பிறகு சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாயும் காதும் உள்ளே புதைந்தால் சட்டை பெரிது, தண்ணீரில் குழந்தை கீழே நழுவும். தொடைகளுக்கிடையே வரும் பட்டையும், தலையைத் தாங்கும் காலரும் உள்ளதே சிறுவர்களுக்கு ஏற்றது. தானாகக் காற்று நிரம்பும் வகை பெரியவர்களுக்கானது. கையில் மாட்டும் மிதவை, காற்றடைத்த வளையம் எல்லாம் விளையாட்டுப் பொருட்கள்.

கரையில் யாரையாவது நீர் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி கையசைத்து உதவி கேட்பது, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து வெளியேறுவது. இதைக் குழந்தைகளுக்கு அறையிலேயே சொல்லிக் கொடுங்கள்.

தூண்டில் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

முதல் தடவை வாடகை. படகுக்காரர்கள் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பெரியவருக்கு 2 முதல் 2.5 மீட்டர் கம்பு, குழந்தைக்கு ஒன்றரை மீட்டரை ஒட்டி. நரம்பைச் சுற்றி வைக்கும் ஸ்பின்னிங் ரீல் 3000 அல்லது 4000 அளவு, 0.30 அல்லது 0.35 மில்லிமீட்டர் நைலான் நரம்பு. கடல் தண்ணீருக்கானது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

முள்ளின் எண்களில் எல்லோரும் குழம்புவார்கள். 1, 2, 4, 6 என்று எண் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். 1/0, 2/0, 3/0 என்றால் நேர்மாறு, எண் ஏற முள் பெருக்கும். பெரிய மீன் ஆசையில் பெரிய முள்ளாக வாங்குவதே எல்லோரும் செய்யும் தவறு. சிறிய முள்ளில் பெரிய மீன் மாட்டும், பெரிய முள்ளில் சிறிய மீன் மாட்டாது. பாலத்தடியில் போட 4 அல்லது 6 போதும்.

முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பல்லை இடுக்கியால் நசுக்கி மட்டமாக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு மீன் நழுவலாம். மீனிலிருந்தும், யாருடைய காதிலிருந்தாவதும், முள்ளைச் சுலபமாக எடுத்துவிடலாம்.

முடிச்சை இறுக்கும்முன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த நைலானை இழுத்தால் உரசலில் சூடாகி அங்கேயே பலமிழக்கும்.

இரைக்கு என்ன போடுவது?

இறால் துண்டு, கணவாய்த் துண்டு. கணவாய் முள்ளில் நன்றாகத் தங்கும், சிறு மீன்கள் கொத்திக்கொண்டு ஓட முடியாது. குழந்தைகளுக்கு இதுவே நல்லது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரை மாட்டித் தர வேண்டியிருக்காது. உள்ளூர்க்காரர்கள் என்ன போடுகிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். தூண்டில்காரர்கள் இடத்தைச் சொல்ல மாட்டார்கள், இரையைச் சொல்லிவிடுவார்கள்.

மீன் கடித்ததும் வெட்டி இழுக்க வேண்டுமா?

சாதாரண முள்ளில் ஒரு சிறு சுண்டு போதும். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள் என்றால் இழுக்கவே கூடாது. நரம்பு இறுகியதும் ரீலைச் சுற்றத் தொடங்கினால் முள் தானாகவே மீனின் வாயோரத்தில் திரும்பி மாட்டிக்கொள்ளும். தொண்டைக்குள் போவது குறைவு என்பதால் திரும்ப விடும் மீன் பிழைக்கும். சட்டென்று வெட்டி இழுக்கத் தெரியாத குழந்தைகளுக்கு இந்த முள் வரப்பிரசாதம். என் மகள் இதில் என்னைவிட அதிகம் பிடிப்பாள், எனக்குக் கை சும்மா இருக்காது.

அனுமதிச் சீட்டு வேண்டுமா?

நாட்டுக்கு நாடு, சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சில இடங்களில் படகுக்காரரின் உரிமமே பயணிகளுக்கும் போதும், கரையிலிருந்து போட்டால் தனியாக எடுக்க வேண்டும். சிறுவர்களுக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. சீட்டு மட்டும் போதாது. எந்த மீனை எவ்வளவு நீளத்துக்குக் குறைந்தால் வைத்துக்கொள்ளக் கூடாது, ஆளுக்கு எத்தனை, எந்த மாதம் தடை, எது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி என்று விதிகள் இருக்கும். அந்த ஊர் மீன்வளத் துறையின் இணையதளத்தில் பாருங்கள். நீளத்தை வால் நுனிவரை அளப்பதா, வால் பிளவுவரையா என்பதும் எழுதியிருக்கும். ஓர் அளவுநாடா எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடவே கூடாத மீன் எது?

பெயர் தெரியாத எதையும். குழந்தைகளுக்கு இந்த ஒரே விதி போதும்: முள்ளில் வந்த மீனைப் பெரியவர் சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது.

கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கமும் உள்ள முட்கள், திருக்கையின் வால் முள், கல்மீன், சிங்கமீன் ஆகியவற்றின் முதுகு முட்கள் எல்லாம் விஷம். குத்திவிட்டால் காயத்தை 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத, பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் 30 முதல் 90 நிமிடம் வைக்க வேண்டும். இந்த விஷங்கள் சூட்டில் செயலிழக்கும் புரதங்கள், வலி குறையும். சூட்டைக் காயமில்லாத கையால் சோதியுங்கள். வலியில் காயம்பட்ட கைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். பிறகு மருத்துவமனை. திருக்கை முள் மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அப்படியே கொண்டுபோங்கள்.

காற்றடைத்த பந்துபோல உப்பும் பேத்தை மீன் வேறு வகை. தொடுவதைவிடத் தின்பதில்தான் அதன் ஆபத்து. அதிலுள்ள டெட்ரோடோடாக்சின் சமைத்தாலும் அழியாது, மாற்றுமருந்தும் இல்லை. வாயும் கூர்மை, விரலை வெட்டும். நரம்பை அறுத்துக் கடலிலேயே விடுங்கள்.

தூண்டில் முள் கையில் ஏறிவிட்டால்?

பல்லை நசுக்கியிருந்தால் ஏறிய வழியிலேயே வெளியே வந்துவிடும். நசுக்காவிட்டால், ஆழமாக ஏறியிருந்தால், கண்ணுக்கோ மூட்டுக்கோ பக்கத்தில் என்றால் கை வைக்காதீர்கள். நரம்பை வெட்டி, முள் ஆடாமல் துணி சுற்றி மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள். பெரும்பாலான முள் காயங்கள் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்காமல் வீசுவதால் வருபவை. வீசும் முன் திரும்பிப் பார்த்து "வீசுகிறேன்" என்று சத்தமாகச் சொல்லும் பழக்கத்தைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள், அவர்களுக்கு அது விளையாட்டாகவே இருக்கும்.

வெயிலுக்கு என்ன செய்வது?

முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, போலராய்ஸ்டு கண்ணாடி. கண்ணாடி தண்ணீரின் கூச்சத்தைக் குறைக்கும், பறந்து வரும் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும். வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி வீசும், அதனால் முகவாய்க்கு அடியிலும் களிம்பு போட வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை. குடை காற்றில் நிற்காது.

பிடித்த மீனை அறைக்குக் கொண்டுபோய்ச் சமைக்கலாமா?

சமைக்கலாம், முதல் நிமிடத்திலிருந்தே பனிக்கட்டியில் இருந்தால். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால், அவற்றின் தசையிலுள்ள ஹிஸ்டிடினைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். தின்றவருக்கு முகம் சிவந்து, தலைவலித்து, தடிப்பு வரும். ஹிஸ்டமின் ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது, மீனில் நாற்றமும் தெரியாமல் இருக்கலாம். மீன் எடைக்குச் சமமான பனிக்கட்டி எடுத்துப் போங்கள். அதில் கொஞ்சம் கடல் நீர் ஊற்றிக் கூழாக்கினால் வெறும் கட்டியைவிட வேகமாகக் குளிரும். வாளித் தண்ணீரில் மீனை உயிரோடு நீந்தவிட்டு வேடிக்கை பார்ப்பது குழந்தைகளுக்குப் பிடிக்கும். அது சீக்கிரம் செத்து, சூடாகும் தண்ணீரில் கெட்டும் போகும்.

வெப்பமண்டலப் பவளப்பாறைப் பகுதிகளில் பெரிய சீலா, பெரிய களவா போன்றவற்றைத் தின்னும்முன் உள்ளூரில் கேளுங்கள். பாறைப் பாசிகளோடு வாழும் நுண்ணுயிரின் நஞ்சு சிறு மீன் வழியாகப் பெரிய மீனில் சேர்ந்திருக்கலாம். சிகுவடெரா என்பார்கள். அதுவும் சமைத்தால் போகாதது.

திரும்ப விடுவதென்றால் எப்படி?

கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், நோயிலிருந்து அதைக் காப்பது அந்தப் படலம்தான். படம் எடுப்பதானால் கேமராவை முதலில் தயார் செய்துவிட்டு மீனைத் தூக்குங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் நரம்பை ஒட்ட வெட்டுங்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்த மீனுக்கு நீரழுத்தம் குறைந்து காற்றுப்பை உப்பிவிடும், விட்டாலும் கீழே போக முடியாமல் மிதக்கும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, அவ்வளவுதான் கணக்கு. அதனால் விட்டுவிடும் எண்ணத்தோடு போகிறவர்கள் ஆழம் குறைந்த இடத்திலேயே போடுவது நியாயம்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால் குழந்தைகள் அழுவார்களே?

அழ மாட்டார்கள், நீங்கள் முதல் நாளே "பெரிய மீன் பிடிக்கப் போகிறோம்" என்று சொல்லி வைக்காவிட்டால். ஒரு சின்ன வலையும் வாளியும் கொடுத்துவிட்டால் நண்டும் நத்தையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும். என் மகனுக்கு எட்டு வயதில் பிடித்த முதல் மீன் நினைவில்லை. அன்றைக்கு என் தொப்பியைக் காற்று கொண்டுபோனது நினைவிருக்கிறது.

திரும்பி வந்ததும் கம்பையும் ரீலையும் என்ன செய்வது?

அன்றே, சாப்பிடும் முன்பே கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும், மெல்லத் தூறல்போல விட்டால் வெளியே வரும். ரீலில் உள்ள டிராக் திருகை (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு எளிதாக வெளியே போகும் என்பதைக் கட்டுப்படுத்துவது) இறுக்கி வைத்துக் கழுவி, உலர்ந்ததும் தளர்த்தி வையுங்கள். வெட்டிப்போட்ட நரம்புத் துண்டுகள் ஒன்றுகூடக் கரையில் கிடக்கக் கூடாது, பறவைக் காலில் சுற்றும். வண்டியின் இருக்கைக்கு அடியிலும் ஒருமுறை கையால் தடவாமல், டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் காணாமல்போன ஒரு முள் மூன்று வாரம் கழித்து என் மாமனாரின் வேட்டியில் கிடைத்தது.